பாவசங்கீர்த்தன வரிசை

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க மாணவிகள் பள்ளிச் சிற்றாலயத்தில், ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையாக நின்றார்கள். மற்ற மதத்து மாணவிகளுக்கான நீதிபோதனை வகுப்பில் இருக்கவேண்டிய பத்தாம் வகுப்பு பவதாரணியும் அந்த வரிசையில் வந்து நின்றுகொண்டாள். முறை வந்ததும் திரைக்கு முன்னால் முழந்தாளிட்டாள்.

"கடைசியா எப்பம்மா பாவசங்கீர்த்தனம் பண்ணினே?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார் ஃபாதர் அமலதாஸ்.

"பண்ணினதில்ல ஃபாதர். நான் இந்து. இங்க சொல்றத நீங்க வெளிய சொல்லமாட்டீங்கன்னு எங்க கிளாஸ் ரெஜினா சொன்னா."

"சரி, சொல்லு."

"பரீட்சை முடிஞ்சதும் எனக்கும் எங்க மாமாவுக்கும் கல்யாணம். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

ஃபாதர் திரைக்கு அருகில் குனிந்தார்.

"ஞானஸ்நானம் வாங்காதவங்க சொன்னா அது பாவசங்கீர்த்தனம் ஆகாதும்மா. அதனால நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு கட்டாயமில்ல. ஹெட்மிஸ்ட்ரஸ் பெரிய சிஸ்டர்கிட்ட சொல்லவா?"

பவதாரணி வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஃபாதர், பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது கழுத்தில் அணியும் ஊதாப் பட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். வெளியே வந்து, மாணவிகள் பார்த்துக்கொண்டிருக்க, சிஸ்டரின் அறையை நோக்கி நடந்தார். பவதாரணி முழந்தாளிட்டபடியே திரும்பினாள்.

"சித்திரை முதல் முகூர்த்தம், ஃபாதர்," என்றாள். "எங்க குலதெய்வக் கோயில்ல."