பிடியும் அலகும்

“பிடி இருக்கு. அலகு மட்டும் செஞ்சு தாங்க, ஆசாரி.”

பேச்சித்தாய் மடியிலிருந்து எடுத்து வைத்த மான்கொம்புப் பிடியைக் கண்டதும் கோமதிநாயகம் துருத்தியை நிறுத்தினார். பட்டறையில் அரிவாள் வாங்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சங்கரன்கோவிலில் அந்தப் பிடியை அறியாதவர் குறைவு. பாட்டன் காலத்து மடக்குக் கத்தியின் பிடி அது. பங்காளிச் சண்டையில் இசக்கிப்பாண்டி அந்தக் கத்தியைத்தான் பேச்சித்தாயின் கணவர் தோளில் இறக்கினார்.

சண்டை எதனால் மூண்டது என்பதற்குத் தெருவுக்கு ஒரு கதை உண்டு. மடைத் தண்ணீர் என்பார் சிலர். வரப்பில் நின்ற வேம்பு என்பார் சிலர். முடிந்த விதம் மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றுதான். பெரியவர் நல்லகண்ணு கோயில் வாசலில் வைத்துச் சமாதானம் செய்தார். கத்தியின் ஆணியைத் தட்டி எடுத்து எறிந்தார்கள். அலகு இசக்கிப்பாண்டி வீட்டுக்கு, பிடி பேச்சித்தாய் வீட்டுக்கு. ஆண்டுதோறும் ஆடித்தபசு அன்று இரண்டையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டாத வீடு சமாதானத்தை முறித்த வீடு.

கணவர் பிழைத்தார்; அவருடைய வலக்கை பிழைக்கவில்லை. போன ஐப்பசியில் காய்ச்சலில் அவரும் போய்விட்டார்.

“எந்த மாதிரி அலகு, தாயி?”

“பழைய அலகு மாதிரியே. நுனியில நெல்லு மூக்களவு ஒடிஞ்சிருக்கணும். நகம் வச்சுத் திறக்க ஒரு பள்ளம். பளபளன்னு இருக்கக் கூடாது, கருத்துப் போயிருக்கணும்.”

“இவ்வளவு ஞாபகமா வச்சிருக்கியளே.”

“அவுக தோள்ல இருந்து அதை உருவினது யாருன்னு நினைக்கிய?”

கோமதிநாயகம் பிடியைத் திருப்பிப் பார்த்தார். “உள்ள அலகை இறுக்கிப் பிடிக்கிற வில்லும் தளர்ந்திருக்கு. மாத்திரட்டுமா?”

“பிடியில கை வைக்க வேண்டாம். அளவு பார்க்க மட்டும் வச்சுக்கிடுங்க.”

“ஆணி?”

“அதை நான் பார்த்துக்கிடுதேன்.”

சாயங்காலமே நல்லகண்ணு அவள் தெருவுக்கு வந்துவிட்டார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கும் வண்டிக்காரனை மறித்து, அவனுடைய சாக்கைக் கவிழ்த்துக் கிளறிக்கொண்டிருந்தாள் பேச்சித்தாய்.

“அலகுக்கு இரும்பு தேடுதியாக்கும்?”

அவள் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். “வாங்க அண்ணாச்சி.”

“டீக்கடையில எலெக்‌ஷன் பேச்சையே விட்டுட்டானுவ, உன் பேச்சுதான் ஓடுது. புருசன் செத்து வருசம் திரும்பல. அதே பிடி, அதே அலகு. ஏன், சந்தையில வேற கத்தி கிடைக்காதா?”

“எனக்கு அந்தக் கத்திதான் வேணும்.”

“ரெண்டு வீட்டுலயும் மீசை முளைச்ச பயலுவ நிக்கானுவ, பேச்சி. உன் மகன் கையில அதைக் கொடுத்தியானா நாளைக்கு ரெண்டு பொணம் விழும். ஆசாரிகிட்ட வேண்டாம்னு சொல்லிரு.”

“சொல்ல மாட்டேன்.”

“நான் ஒரு வார்த்தை சொன்னா அவன் உலையை அணைச்சிருவான்.”

“அணைக்கட்டும். ராஜபாளையத்துல உலை இல்லையா? பஸ்ஸேறிப் போறேன்.”

“ஊரு ஒதுக்கி வச்சிரும்.”

“அன்னைக்கு ரத்தத்தோட அவுகளை வண்டியில ஏத்த நான் ஒத்தையில கிடந்து மல்லுக்கட்டினேன். ஒரு கதவு திறக்கல. உங்க கதவுந்தான் அண்ணாச்சி. அந்த ஊரு ஒதுக்கினா எனக்கு என்ன குறைஞ்சிரும்?”

நல்லகண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். “தபசு அன்னைக்குப் பிடி வெறும் பிடியா வரணும். அவ்வளவுதான் சொல்லுவேன்.”

“அன்னைக்குப் பாருங்க.”

மறுநாள் கோமதிநாயகம் தயங்கினார். பேச்சித்தாய் தயங்கவில்லை, பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியின்றி அவர் பழைய அரத்துண்டு ஒன்றைக் காய்ச்சி அடித்து, பிடியின் பள்ளத்தில் படியும்வரை ராவினார். நுனியை ஒடித்தார். புளிக்கரைசலில் ஊறப்போட்டுக் கருக்கினார்.

ஆடித்தபசு அன்று கோயில் வாசலில் வழக்கத்தைவிடக் கூட்டம். இசக்கிப்பாண்டி மகனோடு முறைத்தபடி நின்றார். பின்னால் மருமகள் வள்ளித்தாய், முகம் வெளுத்துப் போய்.

“முதல்ல பிடி” என்றார் நல்லகண்ணு.

பேச்சித்தாய் நீட்டினாள். வெறும் பிடி.

“அலகு?”

இசக்கிப்பாண்டி மருமகளிடம் கை நீட்டினார். அவள் கொடுத்த மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்தார். கருத்த, நுனி ஒடிந்த அலகு. நல்லகண்ணு அதைப் பிடியின் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். சரியாகப் படிந்தது. பிரித்து அவரவரிடம் கொடுத்தார்.

“அப்ப நீ செய்யச் சொன்ன அலகு எங்கட்டி?”

“வீட்டுல கத்தரிக்காய் நறுக்குது. ஒருநாள் வாங்க அண்ணாச்சி, குழம்பு வைக்கேன்.”

கூட்டம் சிரித்தது. கோமதிநாயகம் மட்டும் சிரிக்கவில்லை. இசக்கிப்பாண்டியின் உள்ளங்கையில் இருந்த அலகில் தம் அரம் ஓடிய தடத்தைக் கண்டுவிட்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலையும்போது வள்ளித்தாய் மெல்ல ஒதுங்கி வந்தாள்.

“அத்தை, பழைய இரும்புன்னு நினைச்சு எங்க வீட்டு அலகை வண்டிக்காரன்ட்டப் போட்டு வாங்கின பேரீச்சம்பழம் இன்னும் என் தொண்டையிலேயே நிக்கு.”

“முழுங்கிரு ஏட்டி” என்றாள் பேச்சித்தாய். “உன் மாமனாருக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”