ஏளு

மகள் ஆதிரையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கத்தான் தேன்மொழி வேலையை விட்டாள். மணிச்சட்டம், வண்ண அட்டைகள் எல்லாம் வாங்கியும் மூன்று மாதமாகக் குழந்தை எண்ணுவதில் மூன்றைத் தாண்டவில்லை. இன்று அடுப்படியில், வீட்டுவேலைக்கு வரும் பேச்சியம்மாள் உரித்துப் போட்ட வெங்காயத்தை எண்ணிக்கொண்டிருந்தது. "அஞ்சு, ஆறு, ஏளு!"

"ஏளு இல்லடி, ஏழு" என்றாள் தேன்மொழி.

"பேச்சிம்மா ஏளுன்னுதான் சொல்லுவாங்க" என்று பேச்சியம்மாளின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

"நீங்க கெளம்புங்கக்கா. இனிமே வெங்காயத்த நானே உரிச்சுக்கறேன்."

பேச்சியம்மாள் போனதும் தேன்மொழி உரிக்க உட்கார்ந்தாள். கண் எரிந்தது. "அஞ்சு, ஆறு, ஏழு" என்று உரக்க எண்ணினாள். அடுத்த அறையில் அசைவில்லை. யாருக்காவது கேட்டுவிடுமோ என்று கூசியபடி, "ஏளு" என்றாள். சிரித்துக்கொண்டே ஓடிவந்த குழந்தை, அவளைத் தாண்டி வாசலுக்குப் போய்த் தேடியது.