ஈர இறக்கை

ஓயாமல் காற்றடிக்கும் ஒரு மலை உச்சி. அங்கே வாழ்ந்த வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கூட்டை உடைத்துக்கொண்டு புதிதாக ஒருத்தி வந்தால், அவளுடைய ஈர இறக்கை விரிவதற்குள் அக்காக்காரி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். இறக்கை சுருங்கியபடியே காய்ந்துபோகும். அப்புறம் காற்று அடித்துக்கொண்டு போகும் என்ற பயமில்லை. புல்வேரைப் பிடித்து நடந்தே காலத்தை ஓட்டிவிடலாம்.

பொட்டும் அப்படி நடப்பவள்தான். ஆனால் அவளுக்கு இருப்பே கொள்ளாது. சுருங்கிய இறக்கையைச் சும்மா சும்மா அடித்துப் பார்ப்பாள்.

“என்னடி, விசிறி விடுறியா? இங்க காத்துக்கா பஞ்சம்?” என்று சித்தி கேலி செய்வாள்.

அன்று பொட்டின் தங்கை கூட்டைவிட்டு வந்தாள். பொட்டு பக்கத்தில் போனாள், உட்காரவில்லை. ஈர இறக்கை மெல்ல மெல்ல முழுசாக விரிந்தது. அந்த உச்சியில் யாரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

“அக்கா, இதை வச்சு என்ன பண்றது?” என்றாள் தங்கை.

பொட்டுக்குத் தெரியவில்லை. அதற்குள் காற்று வந்துவிட்டது.

“வேரைப் பிடிச்சுக்கோடி!” என்று சித்தி கத்தினாள். வேரைப் பிடித்தது பொட்டின் கால்கள்தான், அவளைக் கேட்காமலே.

காற்று தணிந்தபோது தங்கையைக் காணோம். எல்லாரும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். பொட்டு மட்டும் வானத்தைப் பார்த்தாள்.

“அடுத்த கூடும் அசையுது. இந்தத் தடவையாவது ஒழுங்கா உட்காரு,” என்றாள் சித்தி.

பொட்டு அந்தக் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு விரிசலில் வாயை வைத்து, “என்ன பண்றதுன்னு என்னைக் கேக்காதேடி, எனக்கும் தெரியாது,” என்றாள்.

உட்காராமல் மறுபடி சுற்ற ஆரம்பித்தாள்.