மெஷின் யாருக்கு?

ஆஸ்பத்திரியில் மூச்சு மெஷின் ஒன்றுதான் இருந்தது. அது மிராசுதார் வீட்டுப் பிள்ளைக்குப் போய்விட்டது.

பக்கிரியின் மகள் செவ்வந்திக்குக் கிடைத்தது ஒரு ரப்பர் பை. அவள் வாயில் சொருகிய குழாயில் அதை மாட்டியிருந்தார்கள். கையால் அமுக்கினால்தான் பிள்ளைக்கு மூச்சு.

"எங்க போனாலும் இதே நியாயந்தான்," என்றான் பக்கிரி. "பெரிய இடம்னா மெஷின். நமக்குன்னா கை."

"வாயை மூடிக்கிட்டு அமுக்குங்க," என்றாள் அவன் பெண்டாட்டி ராஜாத்தி.

செவ்வந்தியைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் வந்து சேர்வதற்குள் இமை விழுந்து, கைகால் விழுந்து, மூச்சும் அடங்கப் பார்த்தது. டாக்டர் கமருன்னிஸா எதற்கும் பதறாத மனுஷி. விஷமுறிவு ஊசியைப் போட்டுவிட்டு, பையைப் பக்கிரி கையில் கொடுத்துச் சொல்லித் தந்தார்.

"இதயம் நல்லா அடிக்குது. மூச்சு இழுக்கிற தசைதான் அசந்து கிடக்கு. காத்து மட்டும் நாம குடுத்துக்கிட்டே இருந்தா, விஷம் இறங்கினதும் தானா இழுக்க ஆரம்பிச்சிடும். நெஞ்சு லேசா எழும்பற அளவுக்கு அமுக்குங்க. இறங்கட்டும். அப்புறம் அடுத்தது. ஆத்திரத்துல அமுக்கினா நுரையீரல் தாங்காது."

"கண்ணே தொறக்கலையேம்மா."

"தொறக்க முடியாது. ஆனா நீங்க பேசறது காதுல விழும். பேசுங்க."

என்னத்தைப் பேசுவான்? பாழாய்ப்போன மனசு அடுத்த கட்டிலுக்கே ஓடியது. அங்கே மிராசுதார் அமிர்தலிங்கத்தின் பையன். நிமோனியா. பக்கத்தில் அவன் அம்மா சாவித்திரி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கிரியைக் குத்தகை நிலத்தை விட்டு விரட்ட வழக்குப் போட்டவர் அமிர்தலிங்கம். ரெண்டு கழகமும் மாறி மாறி ஆண்டாச்சு. வழக்கு மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. போன போகத்தில், கதிர் பிடித்த பயிரில் மாட்டை விட்டு மேய்த்த புண்ணியவானும் அவர்தான்.

அமுக்கினான். விட்டான். அமுக்கினான். விட்டான்.

கை தன்பாட்டில் போக, கண் சொருகியது.

மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்கால் கொள்ளாத நுரையும் சருகும். செவ்வந்தி வரப்பில் முன்னால் போகிறாள். பக்கிரி மடையைத் திறக்கிறான், மூடுகிறான். வயல் மெல்ல மெல்ல நனைகிறது. வெயில் சுடவே இல்லை. தண்ணீருக்குள் மேகம் கிடக்கிறது, அதை மிதிக்காமல் மிதிக்காமல் அவள் நடக்கிறாள்.

"நெறையத் தொறக்காதப்பா, வரப்பு ஒடைஞ்சிரும்," என்கிறாள்.

"சரி தாயி."

"யாருகிட்ட பேசுறீங்க?" ராஜாத்தி தோளைத் தொட்டாள். "எந்திரிங்க. எதிர்வீட்டு நீலாம்பா முறை வந்திருச்சு."

வராந்தா பூராவும் அவன் தெரு ஜனம். செவ்வந்தியைக் கொண்டுவந்த நெல் லாரியிலேயே ஏறி வந்துவிட்டவர்கள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல இதற்கும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு கை ஓய்வதற்குள் அடுத்த கை வந்து பையைப் பிடித்தது.

மத்தியானம் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. மெஷினும் நின்றது. நர்ஸ் ஓடிவந்து அந்தப் பையனுக்கும் ஒரு பையை மாட்டி, சாவித்திரியை அமுக்கச் சொல்லிவிட்டு, டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

சாவித்திரி அமுக்கினாள். கொஞ்ச நேரத்திலேயே கை அசந்துபோனது. வராந்தாவைப் பார்த்தாள். அத்தனை பேர் நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை. எல்லார் கண்ணும் பக்கிரி மேல் இருந்தது. பக்கிரி தரையைப் பார்த்தான்.

"யாராச்சும்..." என்றாள் சாவித்திரி.

ராஜாத்தி எழுந்தாள்.

"எங்கடி போற?"

"பச்சப்புள்ளைக்கு என்னங்க தெரியும் குத்தகையும் கித்தகையும்? நகருங்க." போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். "நீங்க உக்காருங்கம்மா. புள்ளை காதுல எதாச்சும் பேசுங்க. கேக்குமாம்."

அப்புறம் நீலாம்பாள் போனாள். அவள் புருஷன் போனான். கரண்ட் வரும்வரை ரெண்டு கட்டிலுக்கும் ஒரே முறை ஓடியது. பக்கிரியும் ஒருதரம் போய் அமுக்கிவிட்டு வந்தான். முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டான்.

வெயில் தாழ்ந்தபோது செவ்வந்தியின் நெஞ்சு, பையை அமுக்காமலே எழும்பியது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருக்க, மறுபடியும் எழும்பியது. பக்கிரி வெட்கப்படாமல் அழுதான். டாக்டர் காலில் விழப்போனவனை அவர் தடுத்து நிறுத்தினார்.

ஆனாலும் வயிற்றெரிச்சல் வயிற்றெரிச்சல்தானே. கேட்டேவிட்டான்.

"தப்பா நெனைக்காதீங்க டாக்டரம்மா. மிராசுதார் வீடுன்னுதானே மெஷினை அங்க குடுத்தீங்க?"

டாக்டர் செவ்வந்தியின் நாடியைப் பிடித்தபடியே சொன்னார்.

"முதல்ல வந்தது உங்க பொண்ணுதான், பக்கிரி. மெஷினையும் அவளுக்குத்தான் எடுத்து வச்சேன். அப்பதான் அந்தம்மா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒத்தையில வந்தாங்க. வீட்டுக்காரர் மெட்ராஸ்ல இருக்காராம். கூட வேற யாருன்னு கேட்டேன். யாரும் வரமாட்டாங்கன்னாங்க. அவங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாதுன்னு ஊர்ல கட்டுப்பாடாமே? உங்க பொண்ணுக்கு வராந்தா கொள்ளாத ஆள் இருந்துச்சு. ஆள் இல்லாத பிள்ளைக்கு நான் மெஷினைத்தானே குடுக்க முடியும்?"



விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் அந்தக் கட்டுப்பாட்டைப் போடச் சொல்லி முதல் ஆளாக எழுந்து பேசியவன் பக்கிரிதான்.