குருவி இருந்த இடம்

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படத்தில், பிரமிளாவின் முன்கையில் பச்சை குத்தியிருந்த குருவி பளிச்சென்று தெரிந்தது. "இதப் பாத்தா எவனுக்குப் பிடிக்கும்?" என்றாள் அவள் அம்மா. ஸ்டுடியோக்காரர் தேவசகாயம் மவுஸால் நாலு தேய்ப்புத் தேய்த்தார். குருவி போன இடம் தெரியவில்லை. "இப்பப் பாருங்க, என்ன லட்சணம்!" என்று தானே மெச்சிக்கொண்டார். பிரமிளா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துத் தனியாக வந்தாள். "படம் பிடிச்சுப்போச்சாம்ணே. நாளைக்குப் பொண்ணு பாக்க வாராங்க" என்றபடி முன்கையை மேசைமேல் நீட்டினாள். குருவி இருந்த இடம் ஆசிட்டில் வெந்து கிடந்தது.

"நீங்க அழிச்ச மாதிரி வரலண்ணே."

தேவசகாயம் மவுஸ்மேல் இருந்த தன் வலது கையை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.