பூவுக்குக் கனம் இல்லை

திண்டுக்கல் சாலையில் வெயில் ஏறுகிறது. பூ வேன் ஓரமாக நிற்கிறது. ஈரச் சாக்குக்குள் இருக்கும் மல்லிகை மொட்டுகள் கல்யாண வீடு போய்ச் சேருமுன் விரிந்துவிட்டால் மாலைக்கு ஆகாது. வண்டிக்கு அடியிலிருந்து சோலைமலையின் கால்கள் மட்டும் நீண்டு கிடக்கின்றன. வரப்பில் வண்டியின் அடி தட்டக்கூடாதென்று போன வாரம்தான் அச்சுக்கும் வில்பட்டைக்கும் நடுவே புளியங்கட்டை கொடுத்து வண்டியை உயர்த்தினான். அதனால் பின்சக்கரங்களுக்கு ஓட்டம் கொடுக்கும் ஷாஃப்ட் அதிகமாகச் சரிந்து, ஓட ஓட உதறுகிறது. "இன்னும் ரெண்டு மைல்ல முறிஞ்சிரும். கட்டையக் கழட்டுனா மத்தியானம் ஆயிரும்" என்று அடியிலிருந்து குரல் வருகிறது. அவன் மனைவி சுந்தரம்மாள் பின்பலகையில் ஏறிக் குதிக்கிறாள். வில்பட்டை முனகி அமுங்குகிறது. "குதிக்காதடி, மூஞ்சியில எறங்கிரப் போகுது!" "ஷாஃப்டு நிமிருதா இல்லையா, அதச் சொல்லுங்க." கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்கின்றன. "நிமிருது." "நேத்து உரமூட்டை ஏத்துனப்ப உதறலையே. பூவுக்குக் கனம் இல்ல, அம்புட்டுதான்." பூப்பறித்துத் திரும்பும் பெண்கள் எட்டுப் பேர் சாலையில் வருகிறார்கள். சுந்தரம்மாள் கைதட்டுகிறாள். "ஏறுங்கடி, திண்டுக்கல் பாத்துட்டு வரலாம்!" "எங்கள மூட்டையாக்கிட்டியாக்கும்?" என்கிறாள் பழனியம்மாள். "நீ ஒருத்தியே ரெண்டு மூட்டை. நடுவுல உக்காரு." சோலைமலை அடியிலிருந்து வெளியே வந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். பெண்கள் சிரிப்பும் வளையல் சத்தமுமாக ஏறுகிறார்கள். வண்டி தாழ்ந்து பதிகிறது; புறப்படுகிறது. சுந்தரம்மாள் தரைப்பலகையில் உள்ளங்கையைப் பதித்துப் பார்க்கிறாள். உதறல் இல்லை. "இன்னுங் கொஞ்சம் மிதிங்க" என்கிறாள்.