கண்ணுக்கு அடியில் போன தகடு

பைக் விபத்தில் தமயந்தியின் கண்குழி எலும்பு நொறுங்கி, ஒரு கண் உள்ளே இறங்கிவிட்டது. அதைத் தாங்கப் போகும் டைட்டானியத் தகட்டுக்கு உதறல் எடுத்தது.

"உள்ளே ஒரே இருட்டு. பார்வை நரம்புல இடிச்சுட்டா?"

"அவளோட ஸ்கேன் படம் என்கிட்ட இருக்கு. நீ எங்கே போறேன்னு அதுல தெரியும். பயப்படாம போ," என்றது ஆபரேஷன் மேசைக்கு அருகே இருந்த கணினித் திரை.

டாக்டர் தகட்டை இடுக்கியால் மெல்ல உள்ளே நகர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம்... நில்லு! ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நரம்பு."

திரையைப் பார்த்த டாக்டரின் கை அங்கேயே நின்றது.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். "மேலே பாரும்மா," என்றார் டாக்டர். தகட்டின் மேல் அந்தக் கண் மெதுவாகப் புரண்டது.

"ஜன்னல் மேல அணில் ஓடுது, டாக்டர்!"

அணில் எப்படியிருக்கும் என்று தகட்டுக்குத் தெரியாது. ஆனாலும் அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.